பதினெட்டு முதல் இருபத்தேழு டிகிரி வரை

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பொருள் இருக்கிறது என்று யாராவது நம்ப வேண்டுமானால் அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு நம்பர் இருக்க வேண்டும். நாற்காலிக்கு நம்பர் உண்டு. அந்த நாற்காலியின் உடைந்த காலுக்குத் தனி நம்பர் உண்டு, ஏனென்றால் அது வேறு அறையில் கிடக்கிறது. துடைப்பத்துக்கு, வாளிக்கு, கண்காணிப்பாளர் அறைச் சுவரில் மாட்டியிருக்கும் கடல் படத்துக்கு, எல்லாவற்றுக்கும் உண்டு. நம்பர் இல்லாத எதையும் ஆய்வுக்கு வருகிறவர்கள் தூக்கி வெளியே போடச் சொல்லிவிடுவார்கள். நோயாளிகளுக்கு மட்டும் நம்பர் கிடையாது. அவர்கள் வருவார்கள், போவார்கள், இருப்புக் கணக்கில் சேர மாட்டார்கள்.

நம்பர் எழுதுகிறவர் ஸ்டோர் கீப்பர். எல்லாரும் அவரை ‘ஸ்டோர்’ என்றே கூப்பிடுவோம். பெயிண்ட் டப்பாவும் மெல்லிய பிரஷும் எப்போதும் அவர் கையெட்டும் தூரத்தில் இருக்கும். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஆள்தான் பயந்த சுபாவம். அதிகாரி தும்மினால் இவர் மன்னிப்புக் கேட்பார். நான் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன். இந்தக் கதையில் பாதியை ஜன்னல் வழியாகவே பார்த்தேன். மீதியை ஸ்டோரே, முன்னால் வைத்த டீ ஆறிப்போகிற வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

மெஷின் வந்த அன்று ஆஸ்பத்திரியில் சக்கரம் சரியாக ஓடும் ஒரே ஸ்ட்ரெச்சரை அதற்கு அனுப்பினார்கள். ஆளுயர அட்டைப்பெட்டி. மேலே போர்வை கூடப் போர்த்தியிருந்தார்கள். கால் முறிந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர், “ஐயோ பாவம், அவர முதல்ல பாருங்க, நான் இருக்கேன்” என்றார். வலியில் அவருக்குப் பெட்டி என்று தெரியவில்லை.

அதற்குள் இருந்தது சர்வர். இரும்பு ரேக் ஒன்றில் தட்டுத் தட்டாகச் செருகி நிற்கிற கம்ப்யூட்டர். நோயாளிகளின் விவரம் முழுவதையும் அது ஞாபகம் வைத்துக்கொள்ளும், அதனால் அவர்களுக்கு இன்னும் நல்ல கவனிப்புக் கிடைக்கும் என்று மேலிடத்தில் முடிவு செய்து அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு கையேடு. கண்காணிப்பாளர் எங்களை எல்லாம் நிற்க வைத்துக்கொண்டு அதை வாசித்தார்.

“சூடு பதினெட்டு டிகிரிக்குக் கீழ போகக் கூடாது, இருபத்தேழுக்கு மேல ஏறக் கூடாது. காத்துல ஈரம் அதிகமாவும் இருக்கக் கூடாது, ஒரேயடியா காஞ்சும் போகக் கூடாது. தூசி ஆகவே ஆகாது. வெயில் மேல படக் கூடாது. தலைக்கு மேல தண்ணிக் குழாய் ஓடக் கூடாது. முன்னாலயும் பின்னாலயும் காத்து தாராளமா போய் வரணும். கரண்ட் ரெண்டு தனித்தனி லைன்ல வரணும், ஒண்ணு போனா இன்னொண்ணு. தரை ஆடக் கூடாது.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரல் லேசாகக் கம்மியிருந்தது.

“எவ்வளவு தெளிவா தன் தேவையச் சொல்லியிருக்கு பாத்தீங்களா? நம்மகிட்ட வர்ற ஜனங்க இப்படிச் சொல்றாங்களா? ‘என்னமோ பண்ணுது டாக்டர்’ம்பாங்க. என்ன பண்ணுதுன்னு கேட்டா முழிப்பாங்க. அப்புறம் கவனிக்கலன்னு கத்துவாங்க.”

இந்த வருஷம் புதிதாக எதுவும் வாங்க அனுமதி இல்லை. அதனால் மெஷினுக்கு வேண்டியதை எல்லாம் ஆஸ்பத்திரிக்குள்ளிருந்தே எடுத்துக் கொடுப்பது என்று முடிவானது. அதற்கு ‘உள் மாற்றம்’ என்று பெயர். உள் மாற்றம் என்றால் ஸ்டோர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று அர்த்தம்.

முதலில் அறை. கண்காணிப்பாளர், மேலிடத்திலிருந்து வந்திருந்த ஆலோசகர், கட்டட இன்ஜினியர் மூன்று பேரும் குழுவாகப் புறப்பட்டார்கள். ஆலோசகர் கையில் ஒரு வெப்பமானி. போகிற இடமெல்லாம் அதை நீட்டுவார். பிரசவ வார்டில் ஈரம். எலும்பு வார்டில் வெயில். குழந்தைகள் வார்டில் தலைக்கு மேல் குழாய், அதுவும் சொட்டுகிறது. குழந்தைகள் தலையில் சொட்டினால் பரவாயில்லை போலிருக்கிறது, இத்தனை வருஷம் யாரும் எழுதி வைக்கவில்லை. சுற்றிக் களைத்துக் கண்காணிப்பாளர் அறையில் வந்து உட்கார்ந்தபோது ஆலோசகர் பழக்க தோஷத்தில் வெப்பமானியை அங்கேயும் நீட்டிவிட்டார். இருபத்திரண்டு. தூசி இல்லை, வெயில் இல்லை, குழாய் இல்லை.

“இங்க கார்பெட் இருக்கே” என்றார் கண்காணிப்பாளர் மெதுவாக. “கார்பெட்டுல உரசினா ஒரு மாதிரி கரண்ட் வருமாமே. மெஷினுக்கு ஆகாதே.”

“கார்பெட்டை எடுத்துடலாம் சார்” என்றார் இன்ஜினியர்.

இன்ஜினியர் அதற்குப் பிறகு அந்தக் குழுவில் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் பெண்கள் நெஞ்சு வார்டு கிடைத்தது. மூச்சுத் திணறுகிறவர்கள் படுக்கும் இடம். நெஞ்சு டாக்டரம்மா வருஷக்கணக்கில் மன்றாடி, யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த இரண்டு ஏசியை மாட்டி, ஜன்னல் இடுக்குகளை அடைத்து, தூசி நுழையாதபடி அதை ஒழுங்கு செய்து வைத்திருந்தார். ஆலோசகர் வெப்பமானியை நீட்டினார். முகம் மலர்ந்தது.

“சார், குளிர்ச்சி, தூசியில்லாத காத்து, மிதமான ஈரம், இதெல்லாம் என் நோயாளிகளுக்காக நான் கேட்டு வாங்கினது” என்றார் டாக்டரம்மா. “அந்தக் கையேட்டுல இருக்கிற ஒவ்வொண்ணும் அவங்க நுரையீரலுக்கும் வேணும்.”

“இருக்கலாம் டாக்டர், யாரு இல்லேன்னா? ஆனா எழுத்துல எங்க இருக்கு?” கண்காணிப்பாளர் நிஜமான அனுதாபத்தோடுதான் கேட்டார். “மெஷின் வரும்போது கூடவே கையேடு வருது. நோயாளி வரும்போது கூட என்ன வருது? சொந்தக்காரங்கதான் வர்றாங்க.”

ஆக, நெஞ்சு வார்டு காலி. அதிலிருந்தவர்களைச் சலவைக்கூடத்தை ஒட்டிய நடைவழிக்கு மாற்றினார்கள். அங்கே ஏசி மாட்ட வழியில்லை என்பதால் ஏசிகளும் மெஷினோடு தங்கின. வார்டில் அவை இருந்த இடம் ரேக்குக்கு நேராக இல்லை, ஆகவே கழற்றி வேறு சுவரில் மாட்ட வேண்டும்.

இங்கேதான் ஸ்டோரின் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா தலையணை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். அப்பா அம்மா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். பட்டறையில் பறந்த பஞ்சு முழுவதும் அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. இப்போது மூச்சுக்கு மூச்சு உள்ளே விசில் அடிக்கும். நெஞ்சு வார்டில் ஜன்னலோரக் கட்டில் அவருடையது. மூச்சு இருக்கும் நேரமெல்லாம் தம்பி பெருமைதான். பக்கத்துக் கட்டிலில் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். “என் தம்பி நம்பர் போடலேன்னா இந்த ஆஸ்பத்திரியில ஒரு சாமானும் கிடையாது, தெரியும்ல?” என்று அக்கா அவரிடம் தினமும் ஒரு தடவை சொல்லிவிடுவார். டீச்சரும் தினமும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொள்வார்.

கட்டில்களை நகர்த்துவதற்கு முந்தின நாளே ஏசியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். ஸ்டோர் ஏணியோடு உள்ளே நுழைந்தார்.

“என்னடா தம்பி, ஏணியெல்லாம் தூக்கிட்டு வர்ற? ரிப்பேரா?”

“ஆமாக்கா. சர்வீஸுக்கு.”

“யாருமில்லயா உனக்கு ஒத்தாசைக்கு? எல்லாத்தையும் உன் தலையிலயே கட்டுறாங்களா? இரு, விழுந்து தொலைக்காத.”

வேண்டாம் வேண்டாம் என்று இவர் சொல்லச் சொல்ல அக்கா எழுந்து வந்து, மூச்சு வாங்க, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேலே இவர் ஸ்க்ரூவைக் கழற்றினார். கீழே விசில் கேட்டது. தன் தலைக்கு மேலிருந்த குளிர்ச்சியைத் தம்பி கழற்றி முடிக்கும் வரை அக்கா ஏணியை விடவில்லை. இதைச் சொல்லும்போது ஸ்டோர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மெஷின் குடியேறியதும் அதன் தேவைகள் ஒவ்வொன்றாக நடைமுறைக்கு வந்தன. லிஃப்ட் ஓடினால் அந்தப் பக்கத்துச் சுவர் அதிர்கிறது என்று லிஃப்டை நிறுத்தினார்கள். எலும்பு வார்டு மூன்றாவது மாடி. ஊன்றுகோலோடு படியேறி வருகிறவர்களிடம் “மெதுவா, அதிராம ஏறுங்க” என்று சொல்ல ஒரு காவலாளியைப் போட்டார்கள். இரண்டாவது கரண்ட் லைன் எங்கே கிடைக்கும் என்று தேடியபோது ஆபரேஷன் தியேட்டரில் இரண்டு இருந்தது தெரிந்தது. ஒன்றை உள் மாற்றம் செய்தார்கள். அந்த வாரமே ஒருநாள் மின்சாரம் போய், அறுவை சிகிச்சை டாக்டர் நர்ஸின் செல்போன் வெளிச்சத்தில் தையல் போட்டார். மெஷினுக்கு ஒரு நொடி கூட மின்சாரம் நிற்கவில்லை என்று கண்காணிப்பாளர் மேலிடத்துக்குத் தெரிவித்து, பாராட்டு வந்தது.

ஊழியர்களுக்கு ஒரு வகுப்பும் எடுத்தார்கள். ஆலோசகர் பேசினார்.

“சூழலைக் கெடுக்கிறது என்னன்னு நெனைக்கிறீங்க? மனுஷன்தான். சும்மா நின்னாலே ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்குச் சூடு விடுவான். மூச்சு விட்டா ஈரம். நடந்தா அதிர்வு. சொறிஞ்சா தூசி. இருமினா கேக்கவே வேணாம். நோயாளிகள் மட்டும் இல்லேன்னு வைங்க, ஆஸ்பத்திரியை விட நல்ல இடம் ஒரு சர்வருக்கு உலகத்துல கிடையாது.”

எல்லாரும் தலையாட்டினோம். ஒருவர் குறிப்பு எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மெஷினை இன்னும் ஓட்டவில்லை. ஓட்டினால் அது சூட்டைக் கக்கும். கக்கினால் அறை இருபத்தேழைத் தாண்டும். தாண்டினால் மெஷினுக்கு ஆகாது. ஆகவே மெஷினின் நலன் கருதி அதை அணைத்தே வைத்திருந்தார்கள். அணைந்த மெஷினுக்கு இரண்டு ஏசியும் ஓடிக்கொண்டிருந்தன.

சலவைக்கூடத்து நடையில் பகலெல்லாம் வெந்நீர் ஆவி. துணிப் பொதிகளை உதறும்போது நூல் தூசி. அக்காவின் விசில் இப்போது என் ஜன்னல் வரைக்கும் கேட்டது. முதுகை வளைத்துக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தார். டாக்டரம்மா ஸ்டோரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மருந்து என்னால குடுக்க முடியும். காத்து குடுக்க முடியாது. குளிர்ச்சியா, தூசி இல்லாத இடத்துக்கு அக்காவைக் கொண்டு போங்க. இங்கயே வச்சிருந்தா என்ன ஆகும்னு என் வாயால நான் சொல்ல மாட்டேன்.”

ஸ்டோரின் வீடு தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. குளிர்ச்சியான, தூசி இல்லாத இடம் அவருக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. அதன் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கியது.

மதியம், எல்லாரும் சாப்பிடப் போன நேரம், அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து, என் ஜன்னலுக்கு எதிரே இருந்த மெஷின் அறையின் கண்ணாடிக் கதவைத் திறந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்க்காத மாதிரி மாத்திரை எண்ணினேன். ரேக்குக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார்.

“இம்மாம் பெரிய ரூம்ல இது ஒண்ணு மட்டுமா இருக்கு?” அக்கா மெஷினைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். ஏசியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் நம்பர், தம்பியின் கையெழுத்து. “இது எங்க ஏசி இல்ல? சர்வீஸுன்னு சொன்ன?”

ஸ்டோர் தரையைப் பார்த்தார்.

“நான் வேற ஏணியப் புடிச்சேன்” என்றார் அக்கா. பிறகு, “சரி விடு. உன் வேலை அது. நீ என்ன பண்ணுவ” என்றார். சுவரில் சாய்ந்தார். விசில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி நின்றது. வாயை லேசாகத் திறந்துகொண்டு, நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். மதியம் மட்டும் என்று ஆரம்பித்தது சாயங்காலம் வரை நீண்டது. ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் குழு வந்து கதவைத் திறந்தது.

அக்கா ஸ்டூலில் இருந்தார். ஸ்டோர் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றார்.

“யாரு இது?” என்றார் கண்காணிப்பாளர்.

சாதாரணக் கேள்வி. பதில் மூன்றே எழுத்து. சின்ன வயதிலிருந்து அவர் வாய் அதிகம் சொன்ன வார்த்தையும் அதுதான். ஸ்டோர் கண்காணிப்பாளரின் முகத்தைப் பார்த்தார், ஆலோசகரின் வெப்பமானியைப் பார்த்தார், அக்காவை மட்டும் பார்க்கவில்லை.

“சார்... இது... சென்சார் சார்.”

“என்னது?”

“கையேட்டுல போட்டிருக்கே சார், ரேக்குக்கு முன்னால சூடு, தூசி பாக்க ஒரு சென்சார் வைக்கணும்னு. வாங்க அனுமதி இல்லேன்னீங்க. அதான் உள் மாற்றத்துல... இதுக்கு நெஞ்சு அப்படி சார். கொஞ்சம் சூடானாலும், துளி தூசி பட்டாலும் இழுக்க ஆரம்பிச்சிடும். வெளிய வரைக்கும் சத்தம் கேக்கும்.”

‘இதுக்கு’ என்று சொன்னார். அக்காவின் காதில் விழுந்தது.

கண்காணிப்பாளர் கத்தப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் ஆலோசகரின் கண்கள் மின்னின.

“அலாரமும் உள்ளயே இருக்கா! சோதிச்சுப் பாத்துடலாமே.”

ஏசியை அணைத்தார்கள். மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். ஆலோசகர் வெப்பமானியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்டோரின் கை ஏசி சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு விரலை அசைத்தால் போதும். அசைக்கவில்லை. முதலில் அக்காவின் தோள் ஏறி இறங்கியது. பிறகு விசில் வந்தது. ஆலோசகர் வெப்பமானியைத் தூக்கிக் காட்டினார்.

“இருபத்தேழு! இப்பத்தான் தாண்டுது! என்ன துல்லியம் சார்! வெளிநாட்டுச் சாமான்ல கூட இப்படி வராது.”

ஏசியைப் போட்டார்கள். கண்காணிப்பாளர் ஸ்டோரின் முதுகில் தட்டிக்கொடுத்தார். இத்தனை வருஷ வேலையில் அவருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. பிறகு கண்காணிப்பாளரின் முகம் சுருங்கியது.

“எல்லாம் சரி. நம்பர் எங்க?”

ஸ்டோர் கையைப் பிசைந்தார். “சார், ஸ்டூல்ல எழுதிடறேன் சார்.”

“ஸ்டூலா சென்சார்? நாளைக்கு ஆய்வுக்கு வர்றவங்க நம்பர் இல்லேன்னு தூக்கி வெளிய போடச் சொன்னா யாரு பதில் சொல்றது?”

ஸ்டோர் பெயிண்ட் டப்பாவை எடுத்து வந்தார். எங்கே எழுதுவது என்று தெரியாமல் பிரஷோடு நின்றவரைப் பார்த்து, அக்காவே ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு முழங்கையை நீட்டினார்.

“எழுதுடா. பெயிண்ட் சொட்டுது பாரு.”

ஸ்டோர் எழுதினார். அவர் எழுதிய நம்பர்களிலேயே கோணலானது அதுதான்.

நம்பர் விழுந்ததும் அக்காவின் வாழ்க்கை மாறிவிட்டது. அறையிலிருந்து அவரை நகர்த்தக் கூடாது என்று உத்தரவு வந்தது. படுக்கப் பாய் கிடையாது, பாயில் தூசி வரும் என்பதால் புது ரப்பர் மெத்தை கொடுத்தார்கள். தினமும் துவைத்த துணி. டாக்டரம்மா பார்க்க வந்தபோது, சாதனங்களின் பராமரிப்பு இன்ஜினியரைச் சேர்ந்தது என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். இன்ஜினியர் வாரம் ஒரு முறை வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், “வணக்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போவார்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அக்காவுக்கு உடம்பு நிஜமாகவே தேறியது. முகத்தில் தெளிவு வந்தது. நோயாளியாக இருந்தபோது யாரும் கொடுக்காததை எல்லாம் சாமானாக ஆன பிறகு கொடுத்தார்கள். ஸ்டோர் அதை நினைத்து நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை, சலவைக்கூடத்து நடையிலிருந்து டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டே ஸ்டோர் அறைக்கு நடந்து வந்தார். எதுவும் கேட்காமல் புடவைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு முழங்கையை மேஜை மேல் வைத்தார்.

“எனக்கும் ஒரு நம்பர் போடுங்க தம்பி. உங்க அக்காவை விட எனக்கு நல்லா இழுக்கும். சத்தமும் அதிகம்.”

“டீச்சர், கையேட்டுல ஒரு சென்சார்தான் போட்டிருக்கு.”

“எக்ஸ்ட்ராவா ஒண்ணு இருக்கட்டுமே. அது கெட்டுப்போனா இது.”

கண்காணிப்பாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார் ஸ்டோர். கேட்கவில்லை. கேட்டால் முதல் சென்சார் யார் என்ற பேச்சு மறுபடி கிளம்புமோ என்று பயம். டீச்சர் அடுத்த வாரம் போய்ச் சேர்ந்துவிட்டார். காலியான கட்டிலின் நம்பரைச் சரிபார்த்து உள்ளே எடுத்து வைத்தது ஸ்டோர்தான்.

“டீச்சர் எப்படிடா இருக்காங்க?” என்று அக்கா கேட்டார். இவர் சொல்ல வேண்டியதாயிற்று. முழங்கையை நீட்டியதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

அக்கா ஏசியை நிமிர்ந்து பார்த்தார்.

“அன்னிக்கு யாருன்னு கேட்டாங்களே, ஏன்டா சொல்லல?”

“சொல்லியிருந்தா உன்னை வெளிய அனுப்பிருப்பாங்கக்கா.”

“அது அப்புறம் யோசிச்சு வச்சுக்கிட்ட பதிலு. கேட்ட நிமிஷத்துல என்ன நெனச்ச? அதச் சொல்லு.”

கேட்ட நிமிஷத்தில் அவர் நினைத்தது தன் வேலையை. அது அக்காவுக்கும் தெரியும். ஸ்டோர் வெட்கத்தில் குறுகிப்போய் நின்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது என்று என்னிடம் சொன்னார். அடுத்த தடவை யார் கேட்டாலும், வேலை போனாலும் போகட்டும், என் அக்கா என்று சொல்லிவிடுவேன் என்றும் சொன்னார். சொல்வார் என்று எனக்கும் தோன்றியது.

அந்தச் சமயம் திறப்பு விழாவோடு வந்தது. மேலிடத்து இயக்குநர் வந்திருந்தார். மெல்லப் பேசுகிற, நல்ல மனிதர். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாங்கள் எல்லாரும் நின்றோம். கண்காணிப்பாளர் உரையாற்றினார். “இந்த ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு செங்கல்லும், ஒவ்வொரு ஊழியரும், ஏன், ஒவ்வொரு நோயாளியும் தன் சுகத்தை விட்டுக்கொடுத்து இந்த மெஷினைக் காப்பாத்தியிருக்காங்க. இதுதான் சேவை. இனிமே நாங்க எதையும் கவனிக்கலேன்னு யாரும் சொல்ல முடியாது.” நாங்கள் கை தட்டினோம்.

இயக்குநர் பொத்தானை அழுத்தினார். மெஷின் முதல் முறையாக ஓட ஆரம்பித்தது. உள்ளே விசிறிகள் உறுமின. பச்சை விளக்குகள் சிமிட்டின. பின்னாலிருந்து வெக்கை கிளம்பி அறை முழுக்கப் பரவியது. கதவும் திறந்திருந்தது, கூட்டமும் நெருக்கியடித்தது. எல்லாரும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விசில் கேட்டது.

“கேட்டீங்களா சார்? தாண்டிடுச்சு!” ஆலோசகர் வெப்பமானியை இயக்குநரின் முகத்துக்கு நேரே நீட்டினார். “நம்ம உள்ளூர்த் தயாரிப்பு!”

விசில் உயர்ந்தது. அக்கா ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் சரிந்தார். உதடு நீலம் பாய்ந்தது. கூட்டம் ரசித்துக் கை தட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா!”

ஸ்டோர்தான். அவர் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாருக்கும் தெரியாது. கண்காணிப்பாளரைத் தள்ளிக்கொண்டு ஓடினார். சுவரிலிருந்த மெஷினின் சுவிட்சை அடித்து அணைத்தார். மெஷின் அடங்கியது. அக்காவின் தோளை அணைத்துக்கொண்டு, “அக்கா, மூச்சு விடுக்கா, மெதுவா, என்னைப் பாருக்கா” என்று கதறினார்.

கைதட்டல் நின்றது. கண்காணிப்பாளரின் முகம் வெளிறியது. இயக்குநர் குனிந்து, அக்காவின் கையிலிருந்த கோணல் நம்பரைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“அக்காவா? ஏம்மா, இவர் உங்க தம்பியா?”

எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் ஒருவர் இவ்வளவு அன்பாகக் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. ஸ்டோர் ஆமாம் என்று தலையசைக்க நிமிர்ந்தார். அக்கா அவரை முந்திக்கொண்டார். மூச்சு திரும்பவில்லை, வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. இருந்தாலும் எல்லாருக்கும் கேட்டது.

“இல்லீங்க. எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாரு. அவரு ஸ்டோர் கீப்பருங்க. எனக்கு நம்பர் எழுதினவரு.”

பிறந்ததிலிருந்து ‘டா’ போட்டுக் கூப்பிட்ட தம்பியை அக்கா மரியாதையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. தம்பியின் வேலை போகாமல் காப்பாற்றினாரா, தன்னை அந்தக் குளிர்ச்சியிலிருந்து வெளியேற்றாமல் பார்த்துக்கொண்டாரா, இல்லை அன்றைக்குத் தன் காதில் விழுந்ததைத் திருப்பிக் கொடுத்தாரா, எனக்குத் தெரியாது. ஸ்டோருக்குத் தெரிந்திருக்கும்.

“அதானே!” என்று கண்காணிப்பாளர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஸ்டோர் அவர் தோளிலிருந்து கையை எடுத்தார். மறுபடி எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.